இராமேசுவரத் தீவில் நான்கு நாள்



கோடை விடுமுறை நெருங்கும்பொழுது, பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கணக்குப் போடப்படும். சேலத்தில் பெரியப்பா வீடு இரண்டு நாள். திருச்சியில் அத்தை வீடு மூன்று நாள். குலதெய்வத்துக்குப் பொங்கல் ஒரு நாள். ஒரு திருமணம், ஒரு காதணி விழா, ஒரு புதுமனை புகுவிழா. இடையில் அகப்படும் கோயில்கள் எத்தனையோ அத்தனை. ஆண்டு முழுவதும் அயல் மாநிலத்தில் வாழ்கின்றோம். ஆகையால், சொந்த மண்ணில் கிடைக்கும் மூன்று நான்கு வாரங்களுக்குள் ஓராண்டின் உறவுக் கடனைத் தீர்த்துவிட எண்ணுகின்றோம். அவ்வெண்ணத்தில் குற்றமில்லை. போக்குவரவு அற்றுப்போனால் உறவும் அற்றுப்போகும் என்பதை வெளியூரில் வாழ்பவர் நன்கு அறிவர்.

ஆயினும், அப்பயணத்தை முடித்துத் திரும்பும் குடும்பங்களை, இருப்புப்பாதை எழுத்தனாகிய நான் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் காண்கின்றேன். குழந்தைகள் மூட்டைகளின்மேல் சாய்ந்து உறங்குகின்றனர். முதியோர் முழங்காலைத் தடவிக்கொண்டு நிற்கின்றனர். எல்லோரையும்விடக் களைத்த முகம் தாயின் முகமாகவே இருக்கின்றது. இவர்கள் விடுமுறைக்குச் சென்று திரும்புகின்றனரா, கடும்பணி ஒன்றை முடித்துத் திரும்புகின்றனரா என்று ஐயுற நேர்கின்றது.

இம்மாதப் பகுதியில் நான் கூற விரும்புவது ஒன்றே. நீண்ட குடும்பப் பயணத்தின் நடுவே, உறவினர் வீடு இல்லாததும், பார்த்தே தீரவேண்டும் என்னும் பட்டியல் இல்லாததுமான ஓரிடத்தில் நான்கு நாள் தங்கி ஓய்வு கொள்ளுதல் வேண்டும். அவ்விடம் கடல் சூழ்ந்த தீவாக அமையுமாயின் மிக நன்று. அத்தகைய தீவு நமக்குத் தொலைவிலும் இல்லை.

தீவு என்றவுடன் சிலர் மாலத்தீவையும் அந்தமானையும் நினைப்பர். மாதக்கணக்கில் உலகைச் சுற்றும் வெளிநாட்டுக் குடும்பங்கள், நகரங்களைப் பார்த்துக் களைத்தபின் தாய்லாந்தின் தீவொன்றிலோ பாலித் தீவிலோ சில நாள் வாளா இருந்துவிட்டு, மீண்டும் பயணத்தைத் தொடர்வதுண்டு. வசதியுள்ளோர் அவ்வாறு செய்க. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்க்கு இராமேசுவரத் தீவு இருக்கின்றது. பாம்பன் தீவு என்பதும் அதுவே. பெங்களூரில் இரவு தூத்துக்குடி விரைவுவண்டி ஏறினால் காலையில் மதுரை. மதுரையிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் சென்றால் இராமேசுவரம்.

வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறுதல் அத்தீவுக்குப் புதிதன்று. சேது யாத்திரை செல்வோர்க்காக இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர்கள் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். தீவிலுள்ள ஊர்களின் பெயர்களைப் பாருங்கள்: தங்கச்சிமடம், அக்காள்மடம், முகுந்தராயர் சத்திரம். வடநாட்டிலிருந்து மாதக்கணக்கில் நடந்து வந்தவர்கள் கால்வீக்கம் தணியும்வரை தங்கிச் சென்ற நாடு அது. இன்று நாம் அதிகாலையில் இறங்கி, 22 தீர்த்தங்களிலும் ஓட்டமாய் ஓடி நீராடி, பிற்பகலில் தனுஷ்கோடியைக் கண்டு, இரவு வண்டியில் ஏறிவிடுகின்றோம். நடந்து வந்தவர்க்கு இருந்த பொறுமை, வண்டியில் வரும் நமக்கு இல்லாமற் போயிற்று.

எங்கள் குடும்பம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே நான்கு நாள் தங்கியது. மொத்தப் பயணம் 24 நாள். என் அன்னையார், துணைவியார், பதினொரு வயது மகன், ஏழு வயது மகள், நான் என ஐவர். இப்பயணத்தில் ஓய்வுக்கென்று நாள் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. அவ்வாண்டுத் தொடக்கத்தில் என் துணைவியார் உடல்நலம் குன்றினார். இரத்தசோகை என்றார் மருத்துவர். மருந்துகளை எழுதிவிட்டு, அவற்றின் கீழே ஓய்வு என்றும் எழுதினார். மருந்தைக் கடையில் வாங்கிவிடலாம். ஓய்வை எங்கே வாங்குவது? பெங்களூரில் இருந்தால் காலை ஐந்து மணிக்கு அடுப்பு. ஊருக்குச் சென்றாலோ, எந்த உறவினர் வீட்டில் இறங்கினாலும் முதல் நாள் மாலையிலேயே அவ்வீட்டு அடுப்பங்கரையில் பாதி வேலை அவர் கைக்கு வந்துவிடும். அது நம் பண்பாடு, மறுத்தல் இயலாது. உறவினர் எவரும் இல்லாத ஊரில்தான் அவர் விருந்தாளியாக இருக்கக்கூடும் என்று முடிவு செய்தோம்.

தீவுக்குள் நுழைவதே குழந்தைகட்கு ஒரு திருவிழா. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் நூறாண்டுகளுக்கும் மேலாக உழைத்தது. கப்பல் வரும்பொழுது அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, இரு கைகளை உயர்த்துவதுபோல் எழும். தொழிலாளர் நெம்புகோலைப் பிடித்துச் சுற்றித் திறப்பர். 2022 டிசம்பரில் அதன்மேல் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். வண்டி மெல்ல ஊர்ந்து செல்ல, இருபுறமும் நீரையன்றி வேறொன்றும் காணாத என் மகள், "அப்பா, நம் வண்டி கப்பலாகிவிட்டதா?" என்று கேட்டாள். அடுத்திருந்த பழைய பாலத்தின் தூண்களை எண்ணத் தொடங்கிய மகன், நாற்பதுக்குமேல் கணக்கைத் தவறவிட்டுவிட்டான்.

தங்குவதற்குக் கடலோரத்தை அடுத்த எளிய விடுதியொன்றில் இரண்டு அறைகள் அமர்த்தினோம். நால்வகை விதிகளை முன்னமே பேசிக்கொண்டோம். சமையல் இல்லை, உணவு வெளியிலே. துணி துவைத்தல் இல்லை, சலவைக்குக் கொடுத்துவிடுவது. ஒரு நாளைக்குப் பார்க்கும் இடம் ஒன்றுக்குமேல் இல்லை. காலையில் குழந்தைகளை எழுப்புவதும் குளிப்பாட்டுவதும் கடலுக்கு அழைத்துச் செல்வதும் என் பொறுப்பு.

முதல் நாள் கோயில். அன்னையார்க்கு அதுவே முதன்மை. அதை முடிக்காமல் அவர் மனம் ஓய்வு கொள்ளாது. 22 தீர்த்தங்களிலும் நீராடி, நெடிய பிராகாரத்தில் அமர்ந்து அமர்ந்து நடந்து, நண்பகலுக்குள் திரும்பிவிட்டோம். அன்று மாலை அக்கினி தீர்த்தக் கடற்கரையில் அமர்ந்திருந்தபொழுது அன்னையார் ஒரு செய்தி சொன்னார். 1984ஆம் ஆண்டில், புதுமணப்பெண்ணாக, மாமியாருடன் அவர் இங்கு வந்திருக்கின்றார். அக்காலத்தில் சாலைப்பாலம் இல்லை. அது 1988இல்தான் திறக்கப்பட்டது. இரயிலைத் தவறவிட்டால் தீவிலேயே நிற்கவேண்டும். "ஈரப் புடவையோடு வண்டிக்கு ஓடினோம். கடலில் முழுகினேனே தவிர, கடலை நான் பார்க்கவில்லை" என்றார். நாற்பது ஆண்டுகட்குப் பின்னர் அன்றுதான் பார்த்தார். இருட்டும்வரை காலை நீரில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். முழங்கால் வலியைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.

இரண்டாம் நாள் நாங்கள் எங்கும் செல்லவில்லை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு விழித்த என் துணைவியார், கட்டிலில் எழுந்து அமர்ந்து, "இப்பொழுது நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவேண்டா என்றேன். சிறிது நேரம் அவ்வாறே அமர்ந்திருந்தார். எழுந்து பைகளை ஒழுங்கு செய்யத் தொடங்கினார். பின்னர் அதையும் விட்டுவிட்டு மறுபடியும் படுத்தார். ஒன்பது மணிவரை உறங்கினார். மணம் முடித்த பதின்மூன்று ஆண்டுகளில் பிள்ளைப்பேற்று நாட்களைத் தவிர அவர் அந்நேரம்வரை உறங்கி நான் கண்டதில்லை. ஓய்வு என்பதும் பழகிக்கொள்ளவேண்டிய ஒன்றே. முதல் நாளில் அது கைவருவதில்லை. நாள்கள் நான்கு வேண்டும் என்று நான் கூறுவது இதனால்தான். ஒரு நாள் நிற்பது வண்டி மாறுவதற்கே போதும்.

கடலாடுவோர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தீவின் வடபுறம் பாக் நீரிணைப் பகுதி. தென்புறம் மன்னார் வளைகுடா. இரண்டும் ஒரே நீர்தான் என்று எண்ணலாகாது. அங்குள்ள மீனவ மக்கள் வடகடலைப் பெண்கடல் என்றும், தென்கடலை ஆண்கடல் என்றும் அழைக்கின்றனர். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் குமுறும். பெண்கடல் குளம்போல் கிடக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் நிலை மாறி, வடகடல் கலங்கும். நாங்கள் சென்ற மே மாதத்தில் அக்கினி தீர்த்தத்திலும், அதற்கு வடக்கே சங்குமால், ஓலைக்குடாப் பக்கங்களிலும் நீர் ஆழமின்றி அமைதியாக இருந்தது. குழந்தைகள் முழங்கால் ஆழத்தில் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் விளையாடினர். இடைப்பட்ட நேரத்தில் வெளியே தலைகாட்ட முடியாது, கத்திரி வெயில். அந்நேரத்துக்கு நுங்கும் பதநீரும் இருந்தன, உறக்கமும் இருந்தது.

மற்றொன்றும் அங்கே கண்டோம். துறையில் விசைப்படகுகள் வரிசை வரிசையாய்க் கட்டப்பட்டுக் கிடந்தன. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது என்பது அரசின் ஆணை. மீன்கள் இனம் பெருக்கும் காலமாகையால் கடலுக்கு அந்த ஓய்வு கொடுக்கப்படுகின்றது. நாட்டுப்படகுகள் மட்டும் சென்று வருகின்றன. படகைப் பழுதுபார்த்தும் வலையைச் செப்பனிட்டும் மீனவர் அந்நாட்களைக் கழிக்கின்றனர். தொழிலை இழந்து நிற்கும் அவர்கட்கு அது எளிய காலமன்று. அரசு தரும் உதவித்தொகை ஒரு குடும்பத்தின் செலவுக்கு ஈடாகாது என்பது அவர்களுடைய நெடுநாள் முறையீடு. எனினும், ஓய்வு இல்லாவிடின் கடலும் வற்றிப்போகும் என்பதை அரசே உணர்ந்து ஆணை பிறப்பித்திருக்கின்றது. நம் வீட்டுப் பெண்டிர்க்கு அத்தகைய ஆணையைப் பிறப்பிப்பவர் எவர்? வீட்டிலுள்ள நாம்தாம் பிறப்பித்தல் வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை தனுஷ்கோடிக்குச் சென்றோம். அரிச்சல்முனை வரை 2017ஆம் ஆண்டு முதல் நல்ல சாலை உண்டு. இராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இருபுறமும் இரு கடல்கள் தெரிய, நடுவே மணல்மேட்டில் சாலை ஓடுகின்றது. ஒரு காலத்தில் அது சிறந்த துறைமுகப்பட்டினம். சென்னை எழும்பூரிலிருந்து வந்த வண்டி அங்கே நிற்க, பயணிகள் கப்பலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கொழும்புக்கு வேறு வண்டியில் செல்வர். நம்மைப் போல் பிழைப்பைத் தேடி அயல்நாடு சென்ற தமிழர் எத்தனையோ பேர் தாய்நாட்டு மண்ணில் கடைசியாகக் கால்வைத்த இடம் அது.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயலில் அவ்வூர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிவண்டி, நிலையத்தை நெருங்கும் வேளையில் கடல் அலையால் விழுங்கப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் உயிர்தப்பவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்தது. பின்னாளில் தில்லி மெட்ரோவால் புகழ்பெற்ற பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் அது 46 நாளில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதையோ மீண்டும் இடப்படவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. இடிந்த தேவாலயச் சுவரும் இரயில் நிலையத்தின் எச்சமும் இன்றும் நிற்கின்றன. அவற்றின் அருகே மீனவக் குடும்பங்கள் சில ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. இருப்புப்பாதையில் ஊதியம் பெறும் எனக்கு, அவ்வண்டியை ஓட்டிச் சென்றவர்களும் என் துறையினரே என்னும் நினைவு நெஞ்சை அழுத்தியது.

ஓய்வைப் பற்றிப் பேசும்பொழுது இதனை ஏன் கூறுகின்றேன் என்று கேட்கலாம். அமைதியாய்க் கிடக்கும் கடலும் கடல்தான் என்பதற்காகவே கூறுகின்றேன். அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமையானது. அங்கே இறங்கிக் குளித்தல் ஆகாது. எச்சரிக்கைப் பலகை இருந்தும், விளையாட்டாக இறங்கி உயிரிழந்தோர் உண்டு. அங்கே கரையில் நின்று காணுங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். குளிப்பதற்கு வடகடற்கரையை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் காலையில் பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்துக்குச் சென்று வந்தோம். 2017ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் திறக்கப்பட்ட அவ்விடத்தை என் மகன் விரும்பிக் கேட்டான். அன்று பிற்பகல் வண்டியேறித் திருநெல்வேலிப் பக்கத்து உறவினர்களைக் காணப் புறப்பட்டோம். எஞ்சிய பத்து நாளும் விருந்தும் விழாவுமாகவே சென்றன, அடுப்பங்கரையும் வந்தது. ஆயினும், வழக்கமாக அப்பத்து நாட்களில் எங்கள் வீட்டில் எழும் சிறு சச்சரவுகள் அம்முறை எழவில்லை. மூத்தோர் கேட்ட கேள்விக்குக் குழந்தைகள் முகம் சுளிக்காமல் விடை சொன்னார்கள். களைப்பு நீங்கியவர்க்கே உறவு இனிக்கின்றது. தீவில் செலவிட்ட நான்கு நாளை உறவினரிடமிருந்து பறித்ததாகச் சிலர் கருதக்கூடும்; அந்த நான்கு நாளின் பயனை அவர்களே அடைந்தார்கள் என்பேன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. "கோயிலூருக்குச் சென்று கடற்கரையில் படுத்திருப்பதா?" என்று முதியோர் வினவுவர். கோயிலை முதலில் முடித்துவிட்டால் அவ்வினா எழாது. "சும்மா இருப்பதற்கா இவ்வளவு செலவு?" என்பது அடுத்தது. எங்கட்கு அறை ஒன்றுக்கு நாள் வாடகை 1,200 ரூபாய் ஆயிற்று. நான்கு நாள் உணவும் ஆட்டோ செலவும் சேர்த்தால், ஒரு திருமண வீட்டுக்குப் புத்தாடை எடுக்கும் செலவுக்கு அருகில் நிற்கும். ஒருவர் உடல்நிலை கெட்டு மருத்துவமனையில் ஒரு வாரம் கிடந்தால் ஆகும் செலவையும் எண்ணிப் பார்த்து, பின்னர் முடிவு செய்யுங்கள். "உறவினர் குறைபட்டுக்கொள்வரே" என்பது மூன்றாவது. அவர்களையும் ஒருமுறை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த வீட்டிலும் அடுப்பங்கரையில் நிற்பவர்க்கு ஓய்வு தேவைப்படுகின்றது.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தீவில் கால்வைக்க இடமிராது. ஓய்வுக்கு வருவோர் அந்நாட்களைத் தவிர்க்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் உண்டு. சனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் வெயில் தணிந்த நல்ல காலம். பள்ளி விடுமுறைக்கு ஏற்றவாறு ஏப்ரல், மே மாதங்களில் செல்வோர் நண்பகலில் வெளியே செல்லாதிருத்தல் வேண்டும். குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்க. சங்கும் பவளமும் கரையில் கிடைத்தால் குழந்தைகள் கண்டு மகிழட்டும். பவளப்பாறையை உடைத்து எடுத்தல் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகின்றன.

இரயில் செலவைக் குறைக்கவும் வழியுண்டு. பல ஊர்களில் இறங்கித் தங்கி, புறப்பட்ட நிலையத்துக்கே திரும்புவோர்க்குச் சுற்றுவழிப் பயணச்சீட்டு என ஒன்று இருக்கின்றது. நம்மவரில் அதை அறிந்தோர் சிலரே. அச்சீட்டில் வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கலாம். தொலைவு கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்குரிய கட்டணம் குறையும் முறையில் கணக்கிடுவதால், தனித்தனியே சீட்டு வாங்குவதைவிட மலிவாக முடியும். செல்லும் வழியை எழுதிக் கோட்ட வணிக அலுவலரிடம் முன்னதாகவே விண்ணப்பித்தல் வேண்டும். படுக்கை முன்பதிவைத் தனியாகச் செய்துகொள்ளவேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர்தான் தொடங்குகின்றது. ஆகவே மே மாதப் பயணத்துக்கு மார்ச் மாதத்திலேயே தாளும் எழுதுகோலும் எடுத்து அமர்தல் நன்று.

அவ்வாறு அமரும்பொழுது, பட்டியலின் நடுவில் நான்கு நாளை வெறுமையாக விட்டு, தீவின் பெயரை மட்டும் எழுதுங்கள். அந்நாட்களில் என்ன செய்வது என்று வீட்டில் எவரேனும் கேட்டால், அன்னையரையும் துணைவியரையும் முதலில் கேளுங்கள். அவர்கள் உடனே விடை சொல்லமாட்டார்கள். அவ்வினாவை அவர்களிடம் இதுவரை எவரும் கேட்டிரார். பொறுத்திருந்து கேளுங்கள்.